வயற்சேறும் கடற்சேறும்: கரைப்பறவைகளைக் கண்டறிதல்

பெரும்போகத்திற்கென வயலை உழுது, நீர் கட்டிச் சேறடிக்கும் காலத்தில், ரம்புக்கனைப் பகுதியின் வயல்வெளிகளிற் புதிய பறவைகள் சில வந்து இறங்குவதைக் கமக்காரர் கண்டிருப்பர். ஏருக்குப் பின்னே நடந்துவரும் உண்ணிக்கொக்கும், வரம்போரத்தில் அசையாது நிற்கும் மடையானும் ஆண்டு முழுவதும் நம்முடன் வாழ்பவை. ஆனால், சேற்றில் வாலை ஆட்டியாட்டி இரை தேடும் பொரி உள்ளானும், காலடி அருகே வரும்வரை புல்லுள் மறைந்திருந்து திடீரெனக் கத்திக்கொண்டு எழும் ஊசிவால் உள்ளானும், வயலுக்கு மேலே தாழப் பறந்து பூச்சி பிடிக்கும் தகைவிலானும் அவ்வாறானவை அல்ல. அவை பனி மூடிய வடநாடுகளிற் பிறந்து, பல்லாயிரம் கிலோமீற்றர் பறந்து, நமது வயலை நாடி வருபவை.

இவற்றின் இனத்தைச் சேர்ந்த பெருங்கூட்டங்கள் இதே காலத்திற் கடற்கரைக் களப்புகளிலும், கடல்நீர் வற்றும்போது வெளிப்படும் சேற்று நிலங்களிலும் வந்து தங்குகின்றன. வயற்சேறும் கடற்சேறும் இப்பறவைகளுக்கு ஒரே மனையின் இரு அறைகள் போன்றவை. இவற்றைக் கூர்ந்து காண்பது நல்ல பொழுதுபோக்கு. நெல்லும் மரக்கறியும் பயிரிடுவோருக்கு அது பயனுள்ள அறிவுமாகும். அதனை விளக்குவதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும்.

மா ஓயா செல்லும் வழி

அரநாயக்கப் பகுதியின் மலைகளில் ஊற்றெடுக்கும் மா ஓயா ஏறத்தாழ 134 கிலோமீற்றர் ஓடி, நீர்கொழும்புக்கு வடக்கே கொச்சிக்கடைக்கு அண்மையிற் கடலை அடைகின்றது. ரம்புக்கனைக்கு அருகே பின்னவலையில் யானைகள் நீராடுவது இந்த ஆற்றிலேயே. கேகாலை, குருணாகல், கம்பஹா, புத்தளம் ஆகிய மாவட்டங்களின் நீர் இதிற் சேர்கின்றது. ஆகவே, ரம்புக்கனையில் ஒரு வயலின் மடையைத் திறந்தால் வெளியேறும் நீர், சிற்றோடைகள் வழியே இவ்வாற்றிற் கலந்து இறுதியிற் கரையோரத்தைச் சேர்கின்றது என்பதை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

நீர் தனியே செல்வதில்லை. சரிவு நிலத்தில் மழை அரித்த மேல்மண்ணும், பயிர் உண்டு மிஞ்சிய பசளையும், தெளித்த பீடைநாசினியின் எச்சமும் அதனுடன் செல்கின்றன. ஆற்று முகத்தில் நீரோட்டம் தணிந்ததும் நுண்ணிய மண் படிகின்றது. கரையோரச் சேற்று நிலங்கள் இவ்வாறே ஆக்கப்படுகின்றன. எனவே, மேட்டு நிலத்துக் கமக்காரன் செய்வது கடற்கரைப் பறவையின் உணவுத் தட்டில் நன்மையாகவோ தீமையாகவோ சென்று சேர்கின்றது.

வரும் விருந்தினர்

வலசைப் பறவைகள் பெரும்பாலும் ஓகத்து, செப்டெம்பர் மாதங்களில் இலங்கையை வந்தடையத் தொடங்கி, மார்ச்சு, ஏப்பிரில் மாதங்களில் திரும்பிச் செல்கின்றன. இது பெரும்போகத்துடன் ஏறத்தாழ ஒத்துப்போகும் காலமாகும். வடதுருவத்தை அடுத்த நாடுகளிற் குளிர் மிகுந்து நிலம் உறையும்போது புழுவும் பூச்சியும் கிடையா. ஆகவே அவை உணவு நாடித் தெற்கே வருகின்றன. ஏறத்தாழ 25 கிராம் மட்டுமே நிறையுள்ள கொசு உள்ளானும் இவ்வாறே துருவப் பகுதியிலிருந்து வருகின்றது. பொன்னிற உப்புக்கொத்தி சைபீரியாவின் வடபகுதியில் முட்டையிட்டு, நமது கடற்கரைகளிலும் புல்வெளிகளிலும் வயல்களிலும் மாரிகாலத்தைக் கழிக்கின்றது.

இப்பயணங்களை இக்காலத்திற் செய்மதிக் கருவிகளின் துணைகொண்டு அளந்தறிகின்றனர். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் மன்னாரிற் கருவி பொருத்திய ஒரு கடற்காகம், 2021ஆம் ஆண்டில் உருசியாவின் வடகோடியிலுள்ள யமால் குடாநாட்டை அடைந்தமை பதிவாயிற்று. 2022ஆம் ஆண்டில், மூக்கன் எனப்படும் கரைப்பறவை இனத்தைச் சேர்ந்த ஐந்து மாதக் குஞ்சு ஒன்று அலாஸ்காவிலிருந்து அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியா தீவுவரை 13,560 கிலோமீற்றரை 11 நாட்களில் எங்கும் இறங்காது கடந்தது. இத்தகைய பயணத்தை முடித்து இறங்கும் பறவை உடலிற் சேமித்த கொழுப்பு முழுவதையும் செலவிட்டிருக்கும். இறங்கிய இடத்தில் உணவு இல்லையெனில் அதற்கு வேறு போக்கிடமில்லை.

கடற்சேறு என்னும் களஞ்சியம்

கடல்நீர் பொதுவாக நாளொன்றுக்கு இருமுறை ஏறி, இருமுறை வற்றும். இதன் நேரம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தும். இலங்கையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையேயுள்ள உயர வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவாகையால், பிற நாடுகளிற் போன்று பல கிலோமீற்றர் அகலமான சேற்று நிலம் இங்கு அரிது. எனினும், களப்புகளின் ஆழமற்ற ஓரங்களில் அது பரந்து வெளிப்படுகின்றது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் நீர் மிகுதியும் வற்றும். ஆதலால் தொழிலுக்கு விடுமுறையான போயா தினமே பறவை காண்பதற்கும் ஏற்ற நாளாய் அமைகின்றது.

வெறும் சேறாகத் தோன்றும் அந்நிலத்துள் புழுக்களும், சிறு நண்டுகளும், இறால்களும், சிப்பிகளும் நிறைந்துள்ளன. ஒவ்வொரு பறவைக்கும் அதனதன் அலகின் நீளத்திற்கேற்ப உணவு பங்கிடப்பட்டிருக்கின்றது. குறுகிய அலகுடைய மணற்கொத்திகள் ஓடியோடி மேற்பரப்பிலுள்ள இரையைக் கொத்தும். பவளக்காலி சற்று ஆழத்திலுள்ளதை எடுக்கும். கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகுடைய கோட்டான் என்னும் கரைப்பறவை, வளைக்குள் ஆழ்ந்திருக்கும் புழுவையும் நண்டையும் இழுத்தெடுக்கும். நெடுங்கால் உள்ளான் ஆழமற்ற நீரில் நடந்து இரை தேடும். ஒரே நிலத்திற் பல பயிர்களைப் போட்டிக்கு இடமின்றிக் கலந்து பயிரிடும் முறையை இது ஒத்தது. சேற்றின் வளம் குன்றினால் முதலில் எந்தப் பறவை குறைகின்றது என்பதிலிருந்து, எந்த ஆழத்து உயிர்கள் அழிந்தன என்பதை ஓரளவு ஊகிக்கலாம்.

காண்பதற்குரிய இடங்கள்

ரம்புக்கனையிலிருந்து புகையிரதத்திற் சென்று, ராகமையில் இறங்கிப் புத்தளப் பாதை வண்டியில் ஏறினால் நீர்கொழும்பை அடையலாம். நீர்கொழும்புக் களப்பும் அதனையடுத்த முத்துராஜவெலச் சதுப்பும் சேர்ந்து 6,000 எக்டயருக்கு மேற்பட்ட ஈரநிலமாகும். களப்பின் ஓரங்களிற் கண்டல் மரங்களும், நீர் வற்றிய சேற்றிற் கொக்குகளும், நீர்க்காகங்களும், ஆலாக்களும், கரைப்பறவைகளும் காணப்படும். சதுப்பின் ஒரு பகுதி 1996ஆம் ஆண்டிற் சரணாலயமாக்கப்பட்டது. முத்துராஜவெல ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலமாகும். ஐரோப்பியர் ஆட்சியில் வெட்டப்பட்ட கால்வாய்களின் வழியே உவர்நீர் உட்புகுந்தமையால் அங்கு நெற்செய்கை கைவிடப்பட்டது. நன்னீருக்கும் உவர்நீருக்கும் இடையிலுள்ள சமநிலை ஒருமுறை கெட்டால் மீட்பது எளிதன்று என்பதற்கு அது சான்றாகும்.

அதே புகையிரதப் பாதையிற் சிலாபத்தைக் கடந்து மேலும் வடக்கே சென்றால், கடலுக்கு அணித்தாக ஆனைவிழுந்தான் குளத்தொடரைக் காணலாம். பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவையெனக் கருதப்படும் இக்குளங்களின் நீரைக்கொண்டு நெல் விளைவிக்கப்படுகின்றது. அக்குளங்களிலேயே நீர்ப்பறவைகளும் வாழ்கின்றன. 2001ஆம் ஆண்டில் இது ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவமுடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது. வயலும் பறவையும் ஒன்றையொன்று கெடுக்காது நெடுங்காலம் வாழ முடியும் என்பதைக் கமக்காரர் நேரிற் காணத்தக்க இடம் இதுவாகும். நெடுந்தூரம் செல்ல இயன்றவர்க்கு மன்னார், வங்காலை, யாழ்ப்பாணக் கரையோரங்கள் பூநாரை முதலிய பறவைகளின் பெருங்கூட்டங்களைக் காட்டும்.

புந்தல புகட்டும் பாடம்

தென்கரையிலுள்ள புந்தல, 1990ஆம் ஆண்டில் இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலமாயிற்று. அங்குள்ள களப்புகளில் ஆயிரக்கணக்கான பூநாரைகள் கூடுவது ஒரு காலத்திற் பெயர்பெற்ற காட்சியாகும். 1980களில் கிரிந்தி ஓயாவை மறித்து லுணுகம்வெகெர நீர்த்தேக்கம் கட்டப்பட்டு, நீர்ப்பாசனம் விரிவடைந்தது. வயல்களிலிருந்து வடிந்த நன்னீர் எம்பிலிகல, மலல என்னும் களப்புகளைச் சென்றடைந்தது. அதனால் அவற்றின் நீர்மட்டம் உயர்ந்து, உவர்த்தன்மை குறைந்தது. நீருடன் பசளையின் மிச்சமும் சென்றது. உவர்நீரில் வாழ்ந்த சிற்றுயிர்கள் குறையவே, அவற்றை உண்ட பூநாரைகளும் குறைந்து போயின.

இங்கே எவரும் பறவையைச் சுடவில்லை. சேற்று நிலத்தை நிரப்பவும் இல்லை. மேலே நெல் விளைவித்தவர் தமது தொழிலைச் செய்தனர். வடிந்த நீர் எங்கே செல்லும், அங்கே யாது விளைக்கும் என்பது முன்கூட்டியே முற்றாக எண்ணப்படாமையே குறையாகும். மிகையாகப் பாய்ச்சிய நீரும் மிகையாக இட்ட பசளையும் கமக்காரனுக்கும் நட்டம், களப்புக்கும் கேடு. வயலுக்கு வேண்டிய அளவு நீரை மட்டும் கட்டுவதும், பசளை இட்ட பின் சில நாட்களுக்கு மடையைத் திறவாது வைப்பதும் இரு பக்கத்து நட்டத்தையும் ஒருங்கே தடுக்கும்.

காணும் முறை

பறவை காண்பதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும் தொலைநோக்குக் கண்ணாடி ஒன்று இருந்தால் நன்று; இல்லையெனிற் கூர்ந்த கண்ணும் பொறுமையும் போதும். கடற்கரையில், நீர் ஏறத் தொடங்கும் வேளையிற் சென்று கரையில் ஓரிடத்தில் அமர்தல் வேண்டும். நீர் ஏற ஏறப் பறவைகள் தாமாகவே அண்மையில் வரும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்குமாறு அமர்ந்தாற் பறவையின் நிறம் தெளிவாகும். வெண்ணிற ஆடையை விடுத்து மங்கிய பச்சை அல்லது மண்ணிற ஆடை அணிதல் நன்று. கூட்டத்தை விரட்டிப் பறக்கச் செய்தல் ஆகாது. நெடும்பயணத்திற்குச் சேமிக்கும் கொழுப்பை அது வீணே செலவிடச் செய்யும்.

பறவையை இனங்காண ஐந்து கேள்விகளை எழுப்புதல் வேண்டும்: உடல் எவ்வளவு பெரியது? அலகு நேரானதா, வளைந்ததா, எத்துணை நீளம்? காலின் நிறம் யாது? பறக்கும்போது சிறகிலோ முதுகிலோ வெள்ளைப் பட்டை தெரிகின்றதா? இரை தேடும் விதம் ஓடிக் கொத்துவதா, நின்று குத்துவதா? இவற்றின் விடைகளையும், நாள், நேரம், இடம், எண்ணிக்கை ஆகியவற்றையும் ஒரு கொப்பியிற் குறித்துவைத்தல் வேண்டும். வயலிலாயின் பயிரின் வயது, நீரின் அளவு, பறவை உண்டது யாது என்பவற்றையும் சேர்த்தெழுதலாம். மூன்று போகங்கள் தொடர்ந்து எழுதிய கொப்பி, எந்தப் பூச்சி எப்போது பெருகும், எந்தப் பறவை அப்போது வரும் என்பதைத் தெளிவாகக் காட்டும்.

இத்தகைய குறிப்புகளே நாட்டின் பெரிய கணக்கெடுப்புகளுக்கும் அடிப்படையாயின. 1943ஆம் ஆண்டில் தோன்றிய இலங்கைப் பறவைகள் கழகமும், 1976ஆம் ஆண்டிற் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கள பறவையியற் குழுவும் இத்துறையிற் பணிபுரிந்து வருவன. ஆசிய நாடுகளில் ஒவ்வோர் ஆண்டும் சனவரி மாதத்தில் நீர்ப்பறவைகளை எண்ணும் பணி 1987ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகின்றது. பாடசாலை செல்லும் பிள்ளைகளை இதில் ஈடுபடுத்துதல் பெரிதும் விரும்பத்தக்கது.

வயலில் நட்பும் பகையும்

வயலிற் காணும் பறவைகள் யாவும் நண்பர்களல்ல. கதிர் பால்பிடிக்கும் காலத்திற் சில்லைகளும் கிளிகளும் இழப்பை உண்டாக்கும். நீலத் தாழைக்கோழி இளம்பயிரைக் குதறும். வெளி முழுவதும் ஒரே காலத்தில் விதைத்தலும், ஒளிரும் நாடா கட்டுதலும், ஓசை எழுப்புதலும் இவற்றிற்குப் போதிய பரிகாரங்களாகும்.

ஆயினும் நண்பர்களே மிகுதி. உண்ணிக்கொக்கு வெட்டுக்கிளிகளைப் பெரிதும் உண்ணும். கரிச்சான் கம்பத்தில் அமர்ந்து அந்துப்பூச்சியையும் புழுவையும் பிடிக்கும். நத்தைகுத்தி நாரை நத்தைகளையே நாடும். கூகை இரவில் எலிகளை வேட்டையாடும். எலிகள் கதிரைக் கெடுப்பதுடன் எலிக்காய்ச்சலையும் பரப்புவன. சப்பிரகமுவ மாகாணத்தில் வயலில் இறங்குவோர் அந்நோயை அஞ்ச வேண்டியிருப்பதால் கூகையின் உதவி சிறிதன்று. வயலில் ஆங்காங்கே தென்னை மட்டைகளை நட்டுவைத்தாற் பகலிற் கரிச்சானும் இரவிற் கூகையும் அமர்ந்து பணிபுரியும். கதிர் முற்றத் தொடங்கியதும் அம்மட்டைகளைப் பிடுங்கிவிடல் வேண்டும். இல்லையெனிற் சில்லைகளுக்கு அவை இருக்கையாகிவிடும்.

பறவையைப் பகையெனக் கருதி ஒழிக்க முயன்ற நாடொன்றின் வரலாறு எச்சரிக்கையாக உள்ளது. சீனாவில் 1958ஆம் ஆண்டில், தானியம் தின்னும் சிட்டுக்குருவிகளை ஒழிக்கும் இயக்கம் நாடெங்கும் நடத்தப்பட்டது. குருவிகள் அழிந்தபின் பூச்சிகள் பெருகிப் பயிரைத் தாக்கின. 1960ஆம் ஆண்டில் அழிக்க வேண்டியவற்றின் பட்டியலிலிருந்து குருவி நீக்கப்பட்டது.

இதற்கு மாறான வழியைத் தமிழ்நாட்டு வேடந்தாங்கற் கமக்காரர் காட்டினர். அவ்வூர் ஏரியில் கூடு கட்டும் நீர்ப்பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் கண்டறிந்தனர். பறவைகளைச் சுடுவோரைத் தடுக்குமாறு வேண்டி, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே செங்கற்பட்டுக் கலெக்டரிடம் பாதுகாப்பு ஆணை பெற்றனர். அந்த ஏரி 2022ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலமாயிற்று. சட்டம் தோன்றுமுன்னரே பறவையைக் காத்தவர் கமக்காரரே என்பது பெருமைக்குரியது.

பீடைநாசினி தெளிக்குமுன்

இலையிற் சிறிது கடிபட்ட தடம் கண்டவுடன் தெளிகருவியைத் தோளில் ஏற்றும் வழக்கம் பல இடங்களில் உண்டு. விதைத்த முதல் 40 நாட்களில் இலை தின்னும் பூச்சிகளால் ஏற்படும் சேதத்தை நெற்பயிர் பெரும்பாலும் தானாகவே ஈடுசெய்துகொள்ளும் எனச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுகள் காட்டியுள்ளன. அக்காலத்தில் மருந்து தெளித்தால், தீய பூச்சிகளை உண்ணும் சிலந்தி முதலிய நற்பிராணிகளே முதலில் மடியும். பின்னர் கபிலநிறத் தத்தி தங்குதடையின்றிப் பெருகும். வலசைப் பறவைகள் களைத்து வந்து வயலில் இறங்குவதும் இப்பருவத்திலேயே என்பதைச் சேர்த்தெண்ணுதல் வேண்டும். அவை உண்ணும் புழுவிலும் பூச்சியிலும் நஞ்சு இருப்பின், அது பறவையின் உடலைச் சேரும்.

டி.டி.ரி. என்னும் மருந்து ஒரு காலத்தில் எல்லா நாடுகளிலும் போற்றப்பட்டது. அது மண்ணிலும் நீரிலும் அழியாது தங்கி, புழுவிலிருந்து மீனுக்கும் மீனிலிருந்து பறவைக்கும் சென்று செறிந்தது. றேச்சல் கார்சன் என்னும் அமெரிக்க அறிஞர் 1962ஆம் ஆண்டில் இதனை உலகறியச் செய்தார். பருந்தினப் பறவைகளின் முட்டையோடு மெலிந்து, அடைகாக்கும்போதே உடைந்தமை பின்னர் நிறுவப்பட்டது. முதலிற் கண்டவர் யாரெனின், கூடுகளை ஆண்டுதோறும் எண்ணிக் குறித்துவைத்த பறவை காண்போரே. அந்நஞ்சு மனிதரின் உடலிலும் தங்கியது. பறவை காட்டிய அடையாளம் மனிதருக்கு எச்சரிக்கையாயிற்று.

மரக்கறிச் செய்கையாளரும் இதிற் பங்குடையர். போஞ்சி, கத்தரி, பாகல் முதலியவற்றிற்கு அடிக்கடி மருந்து தெளிப்பதும், தெளிகருவியை ஓடையிலேயே கழுவுவதும், வெறும் போத்தல்களை நீரில் எறிவதும் ஆற்றுக்கு நேரே நஞ்சூட்டுவதாகும். சரிவு நிலத்தில் வரம்பு கட்டாது பயிரிட்டால், ஒரு பெருமழையில் இழக்கும் மேல்மண்ணைப் பல ஆண்டுகளாயினும் மீளப் பெறல் அரிது.

கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை

1. விதைத்த முதல் 40 நாட்களிற் பீடைநாசினி தெளிப்பதைத் தவிர்த்து, நாள்தோறும் வயலைச் சுற்றிப் பார்த்தல் வேண்டும். ஐயம் உண்டாயின் விவசாயப் போதனாசிரியரைக் கலந்துகொள்க.

2. பூச்சியை மட்டுமன்றி அதனை உண்ணும் சிலந்தியையும் பறவையையும் எண்ணிய பின்னரே மருந்து வேண்டுமா என முடிவு செய்க.

3. மருந்தோ பசளையோ இட்ட வயலின் மடையைச் சில நாட்களுக்குத் திறவாதிருக்க.

4. தெளிகருவியை ஓடையிலும் வாய்க்காலிலும் கழுவற்க. வெறும் போத்தல்களைத் துளையிட்டுப் பாதுகாப்பாக அகற்றுக.

5. சரிவு நிலத்திற் சமவுயரக் கோட்டின்படி வரம்பமைத்து, வெறு நிலத்தை வைக்கோலால் அல்லது தழையால் மூடுக.

6. வயலோரத்து ஈரக் குழிகளையும், ஆற்றோரத்து மூங்கிலையும் புதரையும் அழிக்காது காக்க. அவை பறவைகளின் தங்குமிடங்கள்.

7. கண்ணி வைத்தலையும் நஞ்சிட்ட தானியம் தூவுதலையும் அறவே விடுக. பெரும்பாலான பறவைகள் 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தாற் காக்கப்படுகின்றன.

8. ஆண்டுக்கொரு முறையேனும் பிள்ளைகளுடன் களப்புக்குச் சென்று, நமது ஆறு சேரும் கரையையும் அங்குள்ள பறவைகளையும் காண்க.

ஒரு வயலில் இறங்கும் உள்ளானின் எண்ணிக்கை குறைந்தால், அக்குறை துருவநாட்டிலும் நேர்ந்திருக்கலாம், களப்பிலும் நேர்ந்திருக்கலாம், அவ்வயலிலேயே நேர்ந்திருக்கலாம். முதல் இரண்டும் ரம்புக்கனைக் கமக்காரனின் கைக்கு முற்றும் எட்டாதவை. மூன்றாவதோ அவனது மடையிலும் தெளிகருவியிலுமே தங்கியுள்ளது. பறவை இறங்கி இரை தேடும் சேறு உயிருள்ள சேறாகும். அதுவே நெல்லையும் விளைவிக்கும்.